கம்பிப் பையோடு போனவர்

நாற்றுமேடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஜூனிபர் கன்றுக்குக் கம்பி சுற்றுவதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உட்கார்ந்தால் எழுத வரவில்லை. பதினேழு வருடம் செய்த வேலை, நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. எந்தக் கிளைக்கு எந்தத் தடிப்பில் கம்பி, எந்தச் சாய்வில் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கொட்டகையிலேயே காட்டிக்கொடுக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே காட்டுகிறார்கள். எனக்கு முழங்கால் போய்விட்டது, கண்ணும் மங்கல். அதனால் நான் செய்த இரண்டு தவறுகளை மட்டும் எழுதுகிறேன். முதல் தவறில் செடிகள் செத்தன. இரண்டாவதில் ஒரு மனிதரின் கை போனது.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருப்பது உங்களுக்குத் தெரியும். உச்சியில் தேயிலை, கீழே இறப்பர். தொண்ணூற்றிரண்டில் கம்பெனி பழைய தேயிலை நாற்றுமேடையைத் துப்புரவாக்கி ஜூனிபர் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கியது. அவற்றைச் சின்னதிலேயே வளைத்து, போன்சாய் மரமாக்கி, கொழும்பில் ஹோட்டல்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் விற்பதாக ஏற்பாடு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஏழு பெண்களை அதற்கு எடுத்தார்கள். அதில் நான் ஒருத்தி. தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்திலிருந்து சோமாவதி வந்தாள். சிங்களப் பெண், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவாள். இறப்பர் பக்கத்திலிருந்து தர்மலிங்கம் வந்தார். அவர் அங்கே ஒட்டுக்கட்டும் வேலை செய்தவர். இறப்பர் கன்றின் பட்டையைக் கத்தி நுனியால் தூக்கி, உள்ளே மொட்டை வைத்துக் கட்டுகிற விரல்கள். அந்த விரல்களில் கம்பியைக் கொடுத்ததும் நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டோம். என்னைவிட நாலு வயது இளையவர். நான் தர்மு என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

முதல் தவறு மூன்றாம் வருடத்தில் நடந்தது.

எங்களுக்குப் பழக்கிவிட வந்த அதிகாரி, கம்பியை ஆறு மாதம் விட்டுக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு கன்றிலும் கம்பி சுற்றிய நாளை எழுதிச் சின்ன அட்டை தொங்கும். அவர் குளிர்ப் பிரதேசத்தில் வேலை பழகியவர். எங்கள் மழையும் வெயிலும் அவருக்குத் தெரியாது. இங்கே கன்று நிற்காமல் வளரும், கிளை பருக்கும், கம்பி பருக்காது. ஒரு வரிசையில் நாற்பது கன்றுகள் என் பொறுப்பில் இருந்தன. மூன்றாம் மாதமே கிளைகள் புடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, பார்த்தேன். ஆனால் அட்டையில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. எழுதியிருப்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு மாதம் விடாமல் மழை. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது கம்பி பாதி பட்டைக்குள் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. பயந்துபோய், யாரும் பார்ப்பதற்குள் கழற்றிவிடலாம் என்று, சுற்றிய கம்பியைச் சுற்றியே எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றோடும் பட்டை உரிந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு கன்றை அப்படிக் கெடுத்த பிறகு தர்மு வந்து என் கையைப் பிடித்தார்.

“அக்கா, நில்லுங்க. சுத்தி எடுக்காதீங்க. தோலோட வருது பாருங்க.”

“கம்பி வீணாப் போயிருமே தர்மு.”

“கம்பி போனா போவுது. துண்டு துண்டா வெட்டிருவோம்.”

மூன்று நாள் உட்கார்ந்து மிச்சக் கன்றுகளில் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக வெட்டி, ஊசி எடுப்பதுபோல் எடுத்தார். அவர் எடுத்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை. நான் உரித்தவை செத்தன. ஜூனிபர் செத்த பிறகும் ஒரு மாதம் பச்சையாகவே நிற்கும். அந்த ஒரு மாதமும் பிழைத்துவிட்டது என்று நம்பித் தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

அன்றிலிருந்து கம்பி பட்டையை வெட்டுகிறது என்று கேட்டாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் என்னைக் கொட்டகைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். பயம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் தள்ளும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாவது தவறு பல வருடம் கழித்து, வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலத்தில் நடந்தது. கொழும்பு ரோட்டில் எத்தனை இடத்தில் பஸ்ஸை நிறுத்துவார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. எல்லாரும் இறங்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஐசியில் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதனால் நாற்றுமேடையில் ஒரு ஒழுங்கு இருந்தது. யார் கொழும்புக்குப் போனாலும், இன்னார் எங்கள் ஆள், இன்ன வேலைக்குப் போகிறார் என்று சிங்களத்தில் அடித்து, தோட்டத்து மேனேஜர் துரையின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் கொண்டுபோக வேண்டும். தோட்டத்தில் அதைத் துண்டு என்போம். அலுவலகத்தில் ஒரு புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். கம்பியைக் கண்டால் குண்டுக்கா என்று கேட்கிற காலம், அதனால் கம்பியும் குறடும் கம்பெனி லொறியில்தான் போக வேண்டும்.

ஒருநாள் பின்னேரம் கொழும்பில் ஒரு ஹோட்டலிலிருந்து தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எங்களிடம் முப்பது மரம் வாங்கியிருந்தவர்கள். கம்பியோடுதான் அனுப்பியிருந்தோம், இரண்டு மாதத்தில் வந்து கழற்றுவதாகப் பேச்சு. கொழும்பு வெக்கையில் அது சீக்கிரமே இறுகிவிட்டது. கம்பி மரத்துக்குள் போகிறது, நாளை மறுநாள் எங்களுக்குப் பெரிய வைபவம் இருக்கிறது, நாளைக்கே ஆள் வராவிட்டால் எல்லா மரத்தையும் திருப்பி அனுப்புவோம் என்றார் அங்கே தோட்டத்துக்குப் பொறுப்பானவர். துரை கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். லொறி பழுதாகிக் கிடந்தது. எனக்கு அந்த நாற்பது கன்றுதான் கண்ணில் நின்றது.

தர்முவைக் கூப்பிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகச் சொன்னேன். இறுகிய கம்பியை வெட்டி எடுக்க வேண்டும், வளைவு நிற்காத கிளைக்குப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். அதனால் இரண்டு சுருள் கம்பியும் குறடும் பையில் வைக்க வேண்டியிருந்தது.

அவர் பையைப் பார்த்தார். “துண்டு இல்லாம எப்படிங்கக்கா போறது?”

“துரை கண்டியில நிக்கிறாரு. நாளைக்கு மத்தியானந்தான் வருவாரு. அதுவரைக்கும் இருந்தா கம்பி உள்ள போயிரும். ஒங்ககிட்ட ஐசி இருக்குல்ல?”

“ஐசி இருக்குங்க. பையில கம்பியில்ல இருக்கு.”

“எத்தன தடவ போயிருக்கீங்க தர்மு. சிங்களமும் நல்லா பேசுறீங்க. கேட்டா சொல்லிருங்க.”

சுருள்களைப் பைக்குள் இன்னும் உள்ளே தள்ளினார். பிறகு, “சரிங்கக்கா” என்றார். அலுவலகப் புத்தகத்திலும் எழுதவில்லை. துரை வந்த பிறகு துண்டையும் பெயரையும் சேர்த்து ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஹோட்டலிலிருந்து அவர் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மூன்று மணிக்கு ஹோட்டல்காரர்களே பேசினார்கள், ஆள் வரவில்லையே என்று. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். கிளாக்கர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“காலையில கொழும்பு ரோட்டு பொலிஸ் ஒண்ணுல இருந்து கோல் வந்துச்சு. கம்பியோட ஒரு ஆளப் பிடிச்சிருக்கோம், ஒங்க ஆளான்னு கேட்டாங்க. நான் புத்தகத்தப் பாத்தேன். யாரும் போனதா எழுதல. அனுப்பலன்னு சொல்லிட்டேன்.”

“பேரு சொன்னாங்களா?”

“சொன்னாங்க” என்றார். மேசையைப் பார்த்துக்கொண்டே, “பயந்துட்டேன் தெய்வானக்கா” என்றார்.

அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. புத்தகத்தில் இல்லாததை இல்லை என்றுதான் சொன்னார். அதில் இல்லாமல் செய்தது நான். திருப்பிப் பேசுங்கள் என்றேன். துரை சொல்லாமல் பேச மாட்டேன் என்றார். கூட்டம் நீண்டதால் கண்டியிலேயே நின்ற துரை ஐந்து மணிக்குத்தான் தொடர்பில் கிடைத்தார். அவர் சிங்களவர், மோசமான மனிதர் இல்லை, எதிலும் நிதானம் பார்ப்பவர்.

“தெய்வானை, நீ போக வேணாம். நான் நாளைக்கு வந்து எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரிய ஆளோட பேசுறன். நீ போனா ஒன்னையும் அங்க வச்சிருவாங்க.”

அதற்குப் பிறகு தர்முவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ராசாத்தி லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“துண்டு இருந்துச்சா அக்கா?”

“இல்ல” என்றேன்.

குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பி உள்ளே போனாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். துரை சொன்னது தவறில்லை. தெரிந்த ஆள் மூலமாகப் பேசுவதுதான் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இவர் எங்கள் ஆள் இல்லை என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். அந்தப் பேச்சு அங்கே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு ஆபத்து. அங்கிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் எங்கே என்று தேடுவது? துரை வரும் வரை காத்திருந்தால் எனக்குப் பத்திரம், அவருக்கு இல்லை. முந்தின நாள் மரத்துக்காக அவசரப்பட்டேன். இப்போது மனிதருக்காக நிதானிப்பதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, வந்தவர்களிடம் போகிறேன் என்று சொன்னேன். சோமாவதி கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தாள்.

“நானும் வாறேன் அக்கே. நீங்க தனிய போனா வாசல்லயே நிப்பாட்டுவாங்க.”

“ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“தர்மு எனக்கு ஆரு? பதினாலு வருசம் ஒரே மேசையில இருந்திருக்கோம்” என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு கூடையில் மூன்று கன்று எடுத்து வைத்தேன். ஒன்று கம்பி சுற்றாதது. இன்னொன்று கம்பியோடு இருப்பது. மூன்றாவது, கம்பி கழற்றி வளைவு நின்றது. வாயால் சொல்வதைவிடப் பார்த்தால் புரியும் என்று தோன்றியது. புறப்படும்போது கிளாக்கர் ஓடிவந்து, ஆட்கள் வேலைக்கு வந்த பெயர்ப் பதிவுப் புத்தகங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். துரைக்குத் தெரிந்தால் அவருக்கு வேலை போகும். கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

கரவனெல்லையில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். மழை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கினார்கள். இரண்டிலும் சோமாவதிதான் முன்னால் போய்ப் பேசினாள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். பிறகு பொறுப்பதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, அதன்மேல் தர்முவின் பை, இரண்டு சுருள் கம்பி, குறடு, சாப்பாட்டுப் பொதி எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். சாப்பாடு பிரிக்காமலே இருந்தது. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது.

“இந்த ஆளை யார் அனுப்பியது?” என்று கேட்டார்.

“நான்தான் சேர்.”

அவர் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்போ நீதானா?” என்றார் அதிகாரி. அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

“உங்கள் அலுவலகம் அனுப்பவில்லை என்று சொன்னதே.”

“புத்தகத்தில் எழுதாமல் அனுப்பினேன் சேர். கடிதமும் கொடுக்கவில்லை. அவசரம் என்று நான் செய்த பிழை. அவர் கடிதம் கேட்டார்.”

பெயர்ப் பதிவை விரித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார். “புத்தகத்தில் யாரும் எதையும் எழுதலாம்” என்று தள்ளி வைத்தார். கம்பியை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றார். மாவனல்லையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்குகிறோம். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் சோமாவதி, “கம்பெனிதான் வாங்குகிறது சேர், பில் அலுவலகத்தில் இருக்கும்” என்றாள். அது உண்மைதான். ஆனால் அவள் பேசாமல் இருந்திருந்தால், பயத்தில் இன்னொரு வீட்டையும் அன்று நான் இழுத்துவிட்டிருப்பேன்.

அதிகாரி சுருளைக் கையில் எடுத்தார். “இவ்வளவு கம்பி, ஒரு செடிக்கா?”

கூடையைத் திறந்து மூன்று கன்றையும் மேசையில் வைத்தேன். எப்படி வளைக்கிறோம் என்று சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. “செய்து காட்டு” என்று குறட்டை என் பக்கம் தள்ளினார்.

பதினாலு வருடத்தில் எத்தனை ஆயிரம் கிளைக்குச் சுற்றியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்று கை பழக்கத்தை மறந்தது. கம்பியை வெட்டி, தண்டில் ஒரு சுற்றுப் பிடிக்க வைத்து, கிளையில் ஏற்றினேன். வளைக்கும்போது கவட்டில் கட்டைவிரலைத் தாங்கலாக வைக்க வேண்டும் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் வைக்கவில்லை. படக்கென்று ஒரு சத்தம். கிளை கவட்டோடு பிளந்து தொங்கியது.

பொலிஸ்காரர் ஒருவர் சிரித்தார். “இதுதான் உன் வேலையா?” என்றார் அதிகாரி.

இரண்டாவது கன்றை எடுத்துத் திரும்பச் செய்யலாம் என்று கையை நீட்டினேன். குறடு கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. இன்னொன்றையும் உடைத்தால் எல்லாம் முடிந்தது. அப்போதுதான், இதை நான் செய்து காட்டி என்ன ஆகப்போகிறது என்று புத்தியில் பட்டது. இவர்கள் சந்தேகப்படுவது என்னை இல்லையே.

“சேர், எனக்குப் பயத்தில் கை வரவில்லை” என்றேன். “இந்த வேலை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரைக் கூப்பிடுங்கள். இந்த வேலை தெரியாத ஆளாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.”

சோமாவதி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரி முடியாது என்றால் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அதிகாரி கொஞ்ச நேரம் அந்தத் தொங்கும் கிளையைப் பார்த்தார். பிறகு, “கூட்டி வா” என்றார்.

தர்முவைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கை விரல்கள் கறுத்து, வாழைப்பழம்போல் இருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடம் இல்லை அது. என்னைப் பார்த்தார், முகம் இறுகியது. பிறகு மேசையில் இருந்த கன்றைப் பார்த்தார்.

சிங்களத்தில் பேசு என்று பொலிஸ்காரர் சொன்னார். அத்தனை வருடத்தில் தர்மு என்னோடு சிங்களத்தில் பேசியதே இல்லை. அன்று பேசினார்.

“அக்கே, கிளையை முறித்துப் போடாதீர்கள். ஒரு பக்கப் பட்டை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிழைக்கும். கட்டுங்கள்.”

இறப்பர் ஒட்டுக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி எப்போதும் என் இடுப்புப் பையில் இருக்கும். எடுத்தேன். அவர் வலது கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையால் பிளவைச் சேர்த்துப் பிடித்தார். நான் கட்டினேன். பிறகு கம்பி. “அங்கிருந்து தொடங்க வேண்டாம், ஒரு கணு கீழே.” அவர் சொல்லச் சொல்லச் சுற்றினேன். வளைக்கிற நேரம் வந்தபோது என் கையை விலக்கிவிட்டு, இடது கைக் கட்டைவிரலைக் கவட்டில் தாங்கலாக வைத்து, மற்ற விரல்களால் மெல்ல அழுத்தினார். கிளை இறங்கியது. இன்னும் கொஞ்சம். நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம். சத்தமே இல்லை. கையை எடுத்தார். கிளை அங்கேயே நின்றது.

அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் கிளையைத் தொட்டார். “எவ்வளவு நாள் இப்படி இருக்கும்?” என்றார்.

“மழையைப் பொறுத்தது சேர்” என்றார் தர்மு.

முதலில் சிரித்த பொலிஸ்காரர் இப்போது சிரிக்கவில்லை. அதிகாரி தன் நாற்காலிக்குப் போய், தர்முவை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எழுத்தில் கம்பெனியின் கடிதம் வரும் வரை விட முடியாது என்றார். ஆனால் வேறு எங்கும் அனுப்ப மாட்டேன், இங்கேயே வைத்திருக்கிறேன் என்று எங்கள் முன்னால் சொல்லி, புத்தகத்தில் எழுதினார். நான் கேட்டுப் போனதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் அந்தப் பாதி இல்லாமல் மற்றப் பாதி வந்திருக்காது. அடுத்த நாள் துரையே கடிதத்தோடு போனார். அதற்கடுத்த நாள் தர்மு வீட்டுக்கு வந்தார். அந்தக் கன்றை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை.

நான் தன் சொல்லை மீறிப் போனதற்குத் துரை என்னைத் திட்டவில்லை. கிளாக்கரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஹோட்டலுக்கு ஒரு கிழமை கழித்து லொறியில் போனோம். ஐந்தாறு மரத்தில் தழும்பு விழுந்திருந்தது. வைபவம் நன்றாக நடந்ததாம். தழும்பை நான் காட்டும் வரை அங்கே யாரும் கவனித்திருக்கவில்லை.

தர்முவின் விரல்கள் வீக்கம் வற்றின, ஆனால் முழுதாக மடங்கவே இல்லை. கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்காகப் போனார். குறடு பிடிக்க முடியவில்லை. தண்ணீர் விடுகிற வேலைக்கு மாறினார். கொட்டகையில் அவருடைய இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்தார்கள். ராசாத்தி என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. அவளுடைய கோபம் நியாயமானது என்று நான் சமாதானத்துக்குப் போகவும் இல்லை. ஒருநாள் அவளாகவே வந்து முருங்கைக்கீரை கொடுத்துவிட்டுப் போனாள்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவரை வெளியே அனுப்பும்போது அவர் நின்று ஒரு கேள்வி கேட்டால், அதற்குப் பதில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அவர் ‘சரிங்கக்கா’ என்று சொன்னதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பொறுப்பில் இருந்தேன், அதனால் சரி என்றார். எனக்கும் அது தெரிந்தே இருந்தது.

சண்டை முடிந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் கொட்டகையில் தேத்தண்ணீர் கொடுத்து, மாலை போட்டு, எல்லாரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது தர்மு கன்று வரிசையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன்.

“தர்மு, துண்டு இல்லாம நான்தான் அனுப்புனேன். ஒரு நாள்கூட அத யார்கிட்டயும் நீங்க சொல்லல. ஏன்?”

அவர் குழாயை வாளிக்குள் போட்டுவிட்டு வந்து எதிரில் குந்தினார்.

“என்னத்தச் சொல்றதுங்கக்கா. உள்ள அவங்க கேட்டது அத ஒண்ணுதான். யாரு அனுப்புனதுன்னு. கம்பெனின்னு சொன்னேன். ஒங்க கம்பெனியே இல்லங்குது, ஆளோட பேரச் சொல்லுன்னாங்க. விடியிற வரைக்கும் அதே கேள்விதான்.”

“எம் பேரச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா ஜீப்பப் போட்டுக்கிட்டு லயத்துக்கு வந்திருப்பாங்க. ஒரு பொம்பளய அந்த எடத்துக்கு ஏத்திக்கிட்டு வாறத நான் பாத்துக்கிட்டு இருக்கவா?” தன் வலது கையைப் பார்த்தார். “அப்புறம் பாத்தா, நீங்களே கூடையத் தூக்கிக்கிட்டு வந்து, நான்தான் அனுப்புனேன்னு சொல்லிட்டு நிக்கிறீங்க. அங்க வச்சு ஒங்களப் பாத்தப்ப எனக்கு அழுகை வரலக்கா. கோவந்தான் வந்துச்சு. இதுக்கா நான் ராத்திரி பூரா வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வாளி நிரம்பி வழியத் தொடங்கியது. அவர் எழுந்து போய், இடது கையால் குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.